கறுப்பா பழுப்பா

கேத்தரின் அதை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து ஜன்னலோரம் கொண்டுபோனாள். கிராம்பைவிடச் சற்றுப் பருத்த பொருள். இரு முனையிலும் கம்பி, உடம்பைச் சுற்றி வண்ணக் கோடுகள். முதல் கோடு சிவப்பு, அதில் சந்தேகமில்லை. இரண்டாவது ஏதோ இருண்ட நிறம். மூன்றாவதும் இருண்ட நிறம்தான். வெளியே காக்ஸ் டவுன் தெருவில் மாலை வெயில் இன்னும் மிச்சமிருந்தது, ஆனால் அவளுக்குக் கொஞ்ச நாளாக வெயிலே ஆகவில்லை. வெளிச்சம் கூடினால் எல்லாவற்றின் மேலும் பாலாடை படர்ந்தாற்போல் ஆகிவிடுகிறது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள், கையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் கணவர் ரெமிஜியஸ் மேசையருகில் உள்ளங்கையை நீட்டியபடி காத்திருந்தார்.

"என்ன கேத்தி?"

"செகப்பு, ஊதா."

"அப்புறம்?"

"பழுப்பு."

அவர் அதை வாங்கிக் கம்பிகளை வளைக்கத் தொடங்கினார். கேத்தரின் ஜன்னலருகிலேயே நின்றாள். ஊதாவை அவள் பார்க்கவில்லை. சிவப்புக்குப் பக்கத்தில் இருட்டாக ஒன்று இருந்தால் அது ஊதாவாகத்தான் இருக்கும் என்பது இத்தனை வருஷப் பழக்கத்தில் அவளுக்குத் தெரியும். மஞ்சளோடு வருவதும் ஊதாதான். ஆரஞ்சோடு வருவது ஆரஞ்சு, இல்லாவிட்டால் வெள்ளை. இவற்றைச் செய்கிறவர்கள் சில ஜோடிகளைத்தான் செய்கிறார்கள். ஆகவே முதல் நிறம் தெரிந்தால் இரண்டாவதைப் பாதி ஊகத்திலேயே சொல்லிவிடலாம். மூன்றாவது கோட்டுக்குத்தான் அப்படி ஒரு வழியும் கிடையாது. அது எதுவாகவும் இருக்கலாம். கறுப்பாகவும் இருக்கலாம், பழுப்பாகவும் இருக்கலாம். அவள் பழுப்பு என்று சொன்னது, அவருக்கு வேண்டியது பழுப்பு என்று தெரிந்திருந்ததால்.

கண் போய்ப் பல வருஷம் ஆன மனிதர், ரெமிஜியஸ். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலையாக இருந்தபோதே ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் என்று வீட்டில் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். கண்ணில் நீரழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வேலையும் போய் வீட்டோடு உட்கார்ந்தபோது, இந்தப் பொழுதுபோக்கும் இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பு சூடாவதற்கு முன்பே அதன் நுனியை விரலால் தொட்டு, எங்கே வைக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வார். கம்பிகளை முதலில் கொக்கியாக மாட்டி இறுக்குவார், ஈயம் இல்லாமலே அவை கழலக் கூடாது. பிறகு ஈயம் சீறும் சத்தத்தையும் பிசின் புகையின் வாசனையையும் வைத்து, பற்றியதா இல்லையா என்று தெரிந்துகொள்வார். விரல் நுனிகளில் பழைய தழும்புகள் வரிசையாக இருக்கும். கரண்ட் ஓடும்போது இடது கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் தொடுவார்.

அவரால் முடியாதது ஒன்றே ஒன்றுதான். கரண்டை அளவாக மட்டும் விடுகிற இந்த ரெசிஸ்டன்ஸ்களின் அளவை நிறத்தில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். கறுப்பு என்றால் சுழியம், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு என்று வெள்ளை வரை. முதல் இரண்டு கோடு எண்கள், மூன்றாவது கோடு அதற்குப் பின்னால் எத்தனை சுழி என்பது. நிறத்தை விரலால் தடவிப் பார்க்க முடியாது. அதற்குத்தான் கேத்தரின். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முகம் கழுவி, காப்பி போட்டுவிட்டு மேசையருகில் உட்காருவாள். பிளாக்பள்ளி குஜிரிக் கடைகளில், பட்டாளம் கழித்துப்போட்ட பழைய சாமான்களோடு வாங்கி வந்தவை மேசைமேல் கலந்து கட்டியாகக் கிடக்கும். அவள் ஒவ்வொன்றாக எடுத்து நிறம் சொல்ல, அவர் மாத்திரை டப்பாக்களில் பிரித்துப் போடுவார். டப்பாவின் கழுத்தில் கட்டிய நூலில் முடிச்சுகள் இருக்கும், முடிச்சுதான் அவருக்கு எண். அந்த நேரத்தில் இருவரும் அதிகம் பேசுவதில்லை. சிவப்பு, சிவப்பு, மஞ்சள் என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். பக்கத்து வீட்டு பிரிஜெட் முதன்முதலில் அதைக் கேட்டபோது ஜெபமாலை என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இப்போது அவர் கட்டிக்கொண்டிருந்தது ஒரு புது ஆம்ப்ளிஃபயர். கூட வேலை பார்த்த ஜெயராஜ், கோயிலில் பாட்டுக் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவர், தன் மைத்துனர் சீமையிலிருந்து அனுப்பிய பெரிய இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒரு பக்கமே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற புதுவகைத் தட்டு. அதை வாசிக்கப் பழைய கிராமபோன் ஆகாது. மெல்லிய முள் வைத்த புது பிக்கப் வேண்டும், மெதுவாகச் சுற்றும் மோட்டார் வேண்டும், அந்த முள் எடுக்கும் சன்னமான ஒலியைப் பெரிதாக்க நல்ல ஆம்ப்ளிஃபயர் வேண்டும். மழைக்காலம் முழுக்க ரெமிஜியஸ் அதற்காகவே வாழ்ந்தார். தட்டை உறையிலிருந்து எடுத்து, வரிகளின் மேல் நகத்தை வைக்காமல் வைத்து, எவ்வளவு நெருக்கமாகக் கீறியிருக்கிறான் பாரு என்பார். அவள் பார்ப்பாள். அவளுக்கு அது வெறும் கறுப்பு.

தனக்கு என்ன வந்திருக்கிறது என்பது கேத்தரினுக்குத் தெரியும். தான் பாடம் எடுக்கும் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமியின் மஞ்சள் ரிப்பன் அழகாயிருக்கிறது என்று சொல்லப்போய், "வெள்ள டீச்சர்" என்று அந்தக் குழந்தை குனிந்துகொண்டே சொன்ன நாளிலேயே தெரியும். வயது ஐம்பதைத் தொடுகிறது, அம்மாவுக்கும் கண்புரை இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்டச் சொல்வார்கள். அந்த இடத்தில் அவள் யோசனை நின்றுவிடும். ரெமிஜியஸுக்குக் கண் ஆப்பரேஷன் முடிந்து கட்டவிழ்த்த காலை அவள் கூடவே இருந்தாள். வியாதி முற்றிவிட்டது, உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் கத்தி வைத்தார். நர்ஸ் கட்டைச் சுற்றிச் சுற்றி எடுத்தாள், பஞ்சை எடுத்தாள், வெந்நீரில் இமைகளைத் துடைத்தாள். அவர் கண்களை விரியத் திறந்துகொண்டு, "இன்னும் அவுக்கலியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேத்தரின் அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. புரை வேறு, அவருக்கு வந்தது வேறு, புரை எடுத்தால் பார்வை வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதை அவள் மற்றவர்களுக்குச் சொல்லவும் சொல்வாள். ஆனால் தன் கண் என்று வரும்போது காதில் விழுவது அந்தக் கேள்விதான். அவளுடைய கண்ணும் போய்விட்டால் இந்த வீட்டில் கண்ணே இருக்காது. பள்ளிக்கூடத்தில் தலைமைக் கன்னியாஸ்திரியான மதரிடம் என்ன சொல்வது, உப்பு எது சர்க்கரை எது என்று யாரைக் கேட்பது. இவ்வளவையும் ஒரு சொல்லாலே தள்ளிப் போட முடிந்தது. பழுப்பு என்று சொன்னால் போதும்.

ஆம்ப்ளிஃபயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஓடியது. ஜெயராஜ் பூசை முடிந்து நேரே வந்திருந்தார். ரெமிஜியஸ் சுவிட்சைப் போட்டு, கண்ணாடிக் குழாய் வால்வு சூடாகும்வரை பொறுத்து, முள்ளைத் தட்டின் ஓரத்தில் இறக்கினார். வயலின்கள் எழுந்தன. அறை திடீரென்று பெரிதானதுபோல் இருந்தது. ரெமிஜியஸின் முகத்தில் கேத்தரின் வெகுநாளாகப் பார்க்காத ஒரு தளர்ச்சி வந்தது, தூங்குகிறவர்கள் முகத்தில் வருவதுபோல. பிறகு சத்தம் கனத்தது. வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பாடுகிற மாதிரி குழைந்தது. ரெமிஜியஸ் தலையை நிமிர்த்தினார். கன்னத்தில் சூடு பட்டிருக்க வேண்டும். மெழுகு உருகும் வாசனை, அதன் பின்னால் கருகும் வாசனை. அவர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்குவதற்குள் வால்வின் உள்ளே தகடு செக்கச் செவேலென்று ஆகியிருந்தது. அது மட்டும் கேத்தரினுக்கு நன்றாகத் தெரிந்தது.

"டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சுப்பா," என்றார் ஜெயராஜ் மெதுவாக.

"எங்கேயோ ஈயம் ஒழுகி ரெண்டு கம்பிய சேத்துட்டிருக்கேன்," என்றார் ரெமிஜியஸ். "இதுக்கு முன்னால எனக்கு அப்படி ஆனதில்ல ஜெயராஜ்."

அந்த வாரம் அவர் ஒவ்வொரு பற்றையும் விரலால் தடவித் தேடினார். தேடியதிலேயே பாதி பிரிந்து வந்துவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பழைய போர்வையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றச் சொன்னார். கை போய்விட்டது, கண்ணு போனப்ப கை இருந்தது, இப்ப அதுவும் இல்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னார். மாலைகளில் நாற்காலியில் உட்கார்ந்து விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

தவறு எங்கே என்று கேத்தரினுக்கு அந்தக் கருகல் வாசனையிலேயே தெரிந்துவிட்டது. இருநூற்றெழுபது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இருபத்தேழு. மூன்றாவது கோடு பழுப்பு இல்லை, கறுப்பு. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். ஆனால் பள்ளியிலிருந்து திரும்பும்போது, இன்று யாரும் நம் கையில் எதையும் கொடுத்து நிறம் கேட்கப்போவதில்லை என்ற எண்ணம் வரும். அதோடு ஒரு நிம்மதியும் வரும். மேசை காலியாக இருக்கும். அவர் கேட்கமாட்டார். அந்த நிம்மதியின் விலை என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தது அந்த விலைதான். ஒரு மனிதன் தன் கையைத் தானே நம்பாமல் போவதைப் பார்த்துக்கொண்டு அதில் இளைப்பாற முடிகிறதே என்று அவளுக்குத் தன்னைக் கண்டு பயமாக இருந்தது. கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, தன் முறை வருமுன் விலகி வந்துவிட்டாள்.

ஜெயராஜ்தான் விடவில்லை. ஒரு பழைய ரேடியோப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்து, கண்ணில்லாதவர்கள் காதாலேயே ரெசிஸ்டன்ஸை அளக்க ஒரு கருவி இருக்கிறது, வெள்ளைக்காரன் ஒருத்தன் தனக்காகச் செய்துகொண்டிருக்கிறான் என்று படித்துச் சொன்னார். ஒரு சின்ன பஸ்ஸர், ஒரு பேட்டரி, ஒரு திருகு, காதில் ஒரு ஹெட்போன். அளக்க வேண்டியதை ஒரு பக்கம் மாட்டி, அளவு தெரிந்த ஒன்றை மறுபக்கம் மாட்டித் திருகைத் திருப்பினால், பஸ்ஸரின் ரீங்காரம் தேய்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் அடங்கும். அடங்கிய இடத்தில் திருகின் முள் எந்த அளவைக் காட்டுகிறதோ அதுதான் பதில். முள்ளுக்கு அடியில் அட்டையில் ஊசியால் குத்திப் புள்ளி வைத்துக்கொண்டால் விரலே படித்துவிடும்.

"தங்கச்சிக்கும் தொந்தரவு இல்ல," என்றார் ஜெயராஜ். "டெய்லி உனக்கு கலர் வாசிச்சே அவங்க கண்ணு பூத்துப் போச்சு."

விளையாட்டாகச் சொன்னதுதான். கேத்தரின் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரெமிஜியஸ் உடனே சம்மதிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் பரண்மேலிருந்து போர்வையை இறக்கச் சொன்னார். கையில் கோளாறா, ஈயம் பற்றுவதைக் கேட்கிற காதில் கோளாறா என்று இது காட்டிக்கொடுத்துவிடும் என்றார். கருவி எளிதானது, சில மாலைகளில் முடிந்துவிட்டது. ஈயம் ஒரு பொட்டுகூட ஒழுகவில்லை. அவர் அதை நம்பாமல் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்தது அட்டையில் புள்ளிகள் குத்துவதுதான். அதற்கு அளவு தெரிந்த ரெசிஸ்டன்ஸ்கள் வேண்டும். ஒவ்வொன்றாக மாட்டி, ஓசை அடங்கும் இடத்தில் ஊசி இறக்க வேண்டும். அளவு தெரிவது நிறத்தால். நிறம் தெரிவது கேத்தரினால்.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் தப்பு வராது என்று அவரே ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டிருந்தார். காதுகளில் ஹெட்போன், இடது கையில் அட்டை, வலது கையில் கோணி தைக்கும் ஊசி. கேத்தரினுக்கு அவர் பாதிரியார் போலத் தோன்றினார், பலிபீடத்துக்கு முன்னால் நிற்கிறவர்போல. அவர் முதல் ரெசிஸ்டன்ஸை நீட்டினார். அவள் வாங்கினாள். பழுப்பு, கறுப்பு என்று முதல் இரண்டும் வாய்க்கு வந்துவிட்டன, அவை ஊகம். மூன்றாவது கோடு இருந்தது. சிவப்பாக இருக்கலாம், ஆரஞ்சாக இருக்கலாம், அழுக்கேறிய பழுப்பாகவும் இருக்கலாம். முந்தானையால் துடைத்துப் பார்த்தாள்.

இதுவரை சொன்ன பொய்களெல்லாம் ஒவ்வொரு ரெசிஸ்டன்ஸோடு போயின. கருகினால் எடுத்து எறிந்துவிடலாம். இது அப்படியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இப்போது வாயில் வருவதை அவர் அட்டையில் குத்திவிடுவார். பிறகு ஆயுள் முழுவதும் அந்தப் புள்ளியை விரலால் தடவி, அதுதான் உண்மை என்று நம்புவார். எல்லாவற்றையும் அதைக்கொண்டு அளப்பார். தவறு வந்தபோதெல்லாம் தன் கையைச் சந்தேகிப்பார். அந்த அட்டையை ஒருநாளும் சந்தேகிக்கமாட்டார்.

"சொல்லு கேத்தி."

"தெரியலீங்க."

"அழுக்கா இருக்கும். தொடச்சிப் பாரு."

"தொடச்சிட்டேன். அழுக்கு இல்ல. எனக்குத்தான் தெரியல." குரல் வகுப்பில் பேசுவதுபோல் வந்தது. "கொஞ்ச நாளா கலர் தெரியலீங்க. பொர விழுந்திருக்கு. அந்த ஆம்ப்ளிஃபயர் கருகினது உங்க கையால இல்ல. கறுப்ப நான் பழுப்புன்னு சொல்லிட்டேன்."

ரெமிஜியஸ் ஹெட்போனைக் கழற்றவில்லை. ரீங்காரம் அவர் காதுகளிலிருந்து கசிந்து கேத்தரினுக்கும் மெல்லக் கேட்டது. அவர் முகத்தைப் பார்த்தாள். வேறு எதைப் பார்க்க முடியாவிட்டாலும் இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்க்க முடிந்தது. அதில் முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க முடியாத, குழந்தைத்தனமான சந்தோஷம். என் கை இல்லை, என் கை போகவில்லை. கண்ணில்லாதவர்கள் பலரைப்போலவே, தன் முகத்தில் என்ன தெரிகிறது என்பதைக் காபந்து பண்ண அவர் எப்போதோ மறந்திருந்தார். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம் இருந்தது. பிறகு அவளுக்கு என்ன ஆகியிருக்கிறது என்பது அவருக்குள் இறங்கியது. முகம் மூடிக்கொண்டது. ஊசியை மேசைமேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. இருவருமே அதைத் தேடவில்லை.

கேத்தரினுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாளும் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும், அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது.

எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னாள். ரிப்பன் கதையையும் சொன்னாள். பஸ் நம்பர் தெரியாமல் யாராவது ஏறும்வரை நிற்பதையும், நோட்டுத் திருத்தும்போது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் படிக்காமலே மார்க் போடுவதையும் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரி," என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"போகமாட்டேன்."

அவர் வற்புறுத்தவில்லை. எதனால் என்றும் கேட்கவில்லை. எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே சமையலறைக்குப் போய், அலமாரியில் இருந்த பழைய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்யாணமான புதிதில் அவர் தானே கட்டியது அது. காலைச் செய்தியும் பாட்டும் இன்றும் அதில்தான். பின் அட்டையைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, எங்கே எது என்று விரல்களால் எண்ணிக்கொண்டே போய், ஒரு ரெசிஸ்டன்ஸை இரண்டு பக்கமும் கட்டிங் பிளேயரால் நறுக்கி எடுத்தார்.

"ஐயோ, பாடிக்கிட்டிருந்ததை ஏங்க?"

"இது ஆயிரம். என் கண்ணால பாத்து நானே வெச்சது." அதை உள்ளங்கையில் உருட்டினார். "யார் கண்ணையும் நம்ப வேணாம். இத வெச்சே மத்ததெல்லாம் பண்ணிக்கலாம்."

அதற்கு ஒரு வழி அவருக்குத் தெரிந்திருந்தது. டப்பாக்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அந்த ஆயிரத்தோடு சரியாகப் பொருந்துகிற இன்னொன்றைக் கருவியின் ஓசையாலேயே கண்டுபிடிப்பது. இரண்டையும் கோத்தால் இரண்டாயிரம். இரண்டாயிரத்துக்குச் சமமான ஒன்றைத் தேடி அதோடு சேர்த்தால் நாலாயிரம். பக்கம் பக்கமாக வைத்துக் கட்டினால் பாதி. இப்படியே ஏறலாம், இறங்கலாம். ஹெட்போனின் ஒரு காதைத் திருப்பி அவளிடம் கொடுத்தார். இருவரும் தலையை ஒட்டி உட்கார வேண்டியிருந்தது. திருகை அவளே திருப்பினாள். கொசுபோல ரீங்கரித்துக்கொண்டிருந்த சத்தம் மெலிந்து போய், இல்லாமல் ஆனது. அவள் நிறுத்தினாள்.

"இங்க."

"அது இல்ல. தாண்டிப் போ. மறுபடி எங்க ஆரம்பிக்குதுன்னு பாரு. ரெண்டுக்கும் நடுவுலதான் அது இருக்கும்."

தாண்டிப் போனாள். சத்தம் மறுபக்கம் மெல்ல எழுந்தது. திரும்பி வந்தாள். பல தடவை தவறினாள், அவர் பொறுமையாக இருந்தார், பொறுமை அவருக்கு இயல்பு இல்லை. ஒரு கட்டத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். மூடியதும் திறந்திருந்ததும் அந்த வேலைக்கு ஒன்றாகவே இருந்தன. சட்டென்று திறந்துகொண்டாள்.

ஞாயிறு மதியம் அவர் தனியாகவே உட்கார்ந்து எல்லா டப்பாக்களையும் சோதித்தார். கேத்தரின் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பொறுக்கி எடுக்க வேண்டிய கல் அவளுக்குத் தெரியவில்லை, விரலால் துழாவினாள். முன்னறையில் டப்பா திறக்கும் சத்தம், அவர் ஹெட்போனில் கேட்கும் இடைவெளி, பிறகு டப்பாவுக்குள் விழும் டிக். எந்த டப்பா மேசையில் எங்கே இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். சில நேரம் அந்த டிக் அதே டப்பாவிலிருந்து வந்தது. சில நேரம் அவர் கை நகர்ந்து, இன்னொரு மூடி திறந்து, அங்கிருந்து வந்தது. அவள் தவறாகச் சொன்னவை. அவர் தன் வேலையைச் சரிபார்க்கிறவர்போல் சாதாரணமாகச் செய்துகொண்டிருந்தார். மூடிகள் திறந்துகொண்டே இருந்தன. கடைசியில் பழுப்பு என்று சொன்ன டப்பாக்கள் மட்டுமல்ல, அவள் சந்தேகமே படாமல் சொன்னவையும் இடம் மாறுவதை அவள் கேட்டாள். பச்சை என்று நிச்சயமாகப் பார்த்தவையும். அது அவள் எதிர்பாராதது. பொய் சொன்ன இடங்கள் எவை என்று அவளுக்குத் தெரியும். உண்மை என்று நினைத்துச் சொன்னவற்றில் எது உண்மை என்பது தெரியவில்லை.

அரிசியை உலையில் போட்டாள். ஈரக் கையோடு முன்னறை வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு மதர் கிட்ட லீவு சொல்லிட்டு வந்துடறேன்," என்றாள். "ஜெயராஜண்ணன வரச் சொல்லுங்க. ஆஸ்பத்திரில வழி கேக்க ஆள் வேணும்."

அவர் கையில் ஒரு மூடி இருந்தது. அதை மூடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான்," என்றார்.

ஆப்பரேஷன் ஆன பிறகு இரண்டு கண்களையும் கட்டி, தலையின் இருபுறமும் மணல் மூட்டைகளை வைத்து, அசையக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேத்தரின் மல்லாந்து கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு கன்னடத்து அம்மாள், அவளுக்கும் கட்டு. காலை எது சாயங்காலம் எது என்று அந்த அம்மாள் நர்ஸைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். கேத்தரின் கேட்பதில்லை. பால் வண்டி, மருந்துத் தள்ளுவண்டியின் ஒரு சக்கரம், தாழ்வாரத்தைக் கழுவும் நீர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இருட்டு அவள் நினைத்ததுபோல் கறுப்பாக இல்லை. பழுப்பும் இல்லை. அதற்கு நிறமே இல்லை.

மறுநாள் கட்டவிழ்ப்பார்கள் என்று சொன்ன அன்று, தாழ்வாரத்தில் ஓர் ஊன்றுகோலின் சத்தம் கேட்டது. கூடவே ஜெயராஜின் செருப்புச் சத்தம் இல்லை. அவர் கீழே சீட்டு வாங்க நின்றிருக்க வேண்டும், ரெமிஜியஸ் பொறுக்காமல் ஏறி வந்துவிட்டார். கோல் வார்டு வாசலில் நின்றது. எந்தக் கட்டில் என்று அவருக்கு யார் சொல்வார்கள்? நர்ஸ் எங்கோ தூரத்தில் பேசிக்கொண்டிருந்தாள். கோல் ஒரு கட்டிலின் காலைத் தட்டியது, நகர்ந்தது, அடுத்ததைத் தட்டியது. யாரோ முனகினார்கள். வருகிறது யார் என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் கன்னடத்தில் கேட்டாள். எங்க வீட்டுக்காரர் என்று கேத்தரினும் கன்னடத்திலேயே உதடு அசையாமல் சொன்னாள். உரக்கக் கூப்பிட முடியாது. கோல் அவள் கால்மாட்டைத் தாண்டி அடுத்த கட்டிலை நோக்கிப் போனது.

போர்வைக்கு வெளியே இருந்த இடது கையை மட்டும் மெல்ல நகர்த்தி, விரலிலிருந்த மோதிரத்தால் கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தட்டினாள். கேட்டும் கேட்காத சத்தம். கோல் எடுத்து வைத்த இடத்திலேயே நின்றது. அவள் திரும்பத் தட்டினாள். வார்டில் பேசிக்கொண்டிருந்த யாரோ பேச்சை நிறுத்தினார்கள். கோலின் நுனி தரையில் அரை வட்டமாக உரசித் திரும்பியது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.